எங்கே வெட்டினாலும் சரி

அந்த வருஷம் முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பேருந்தில் சீட்டு கிடைத்தாலும் எழுந்து நின்றுகொள்வேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வண்டியில் உட்கார்ந்தால் முன்சீட்டின் முதுகு சரியாக என் மூக்குக்கு நேரே இருக்கும். பச்சை ரெக்சின், அதில் பொடிப்பொடியாய்க் கட்டங்கள். அந்தக் கட்டம் எங்கே முடிந்து எங்கே திரும்ப ஆரம்பிக்கிறது என்று கண் தேடத் தொடங்கிவிடும். கண்டுபிடிக்காவிட்டால் திருக்கழுக்குன்றம் வந்தது கூடத் தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் இன்னும் மோசம், உடனே அடுத்தது வேண்டும். ஜன்னல் கம்பி, முன்னால் நிற்பவரின் கட்டம்போட்ட சட்டை, யாரோ ஒரு அம்மாவின் பூப்போட்ட புடவைத் தலைப்பு. ஒரு தடவை அந்தத் தலைப்பைக் கையில் பிடித்தே பார்த்துவிட்டேன். "இன்னாம்மா, வெல கேக்கப் போறியா?" என்றார் அந்த அம்மா. பேருந்தே சிரித்தது.

இரண்டாயிரத்து மூன்று என்று நினைக்கிறேன். திருவிடந்தைக்கும் கோவளத்துக்கும் நடுவில், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் இரண்டாம் வருஷம். அந்தப் பருவத்தில் ஒரு பாடம் முழுக்க பேட்டர்ன் மட்டும்தான். பேட்டர்ன் என்றால் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு கட்டம் வரைந்தால் போதும். அதைப் பக்கத்தில் பக்கத்தில், மேலே கீழே வைத்துக்கொண்டே போனால் சுவரளவுக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம் யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அந்த இடத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஜாயிண்ட்.

எங்கள் மேடம் சென்னையிலிருந்து வருவார். என் தாளை மேசையில் விரித்து, இரண்டடி பின்னால் போய், கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். "ஜாயிண்ட் தெரியுது." அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்ல மாட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறும். எங்கே தெரிகிறது என்று கேட்டால், "நீங்களே தேடுங்க" என்று அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

முறை எளிதுதான். நடுவில் வரைந்து, தாளை நான்காக வெட்டி, துண்டுகளை இடம் மாற்றி ஒட்டினால் வெளி ஓரங்களெல்லாம் நடுவுக்கு வந்துவிடும். அங்கே விழுகிற வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். அப்புறம் ஓரம் ஓரத்தோடு தானாகப் பொருந்தும். ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்புகிற கை, முதலில் வரைந்த கையாக இருப்பதில்லை. முதலில் வரையும்போது ஒரு துள்ளல் இருக்கும். நிரப்பும்போது பயம் வந்துவிடும். அந்தப் பயம்தான் ஜாயிண்டாகத் தெரிந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. பசையைக் குறை சொன்னேன், ஜெராக்ஸ் கடைக்காரரைக் குறை சொன்னேன், மேடத்தின் கண்ணாடியைக் கூடக் குறை சொன்னேன்.

வகுப்பில் எல்லோரும் வெண்டைக்காயை வெட்டி மையில் தொட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சாம்பாரில் போட வேண்டியதை எதற்குத் தாளில் போட வேண்டும்? கடலைப் பார்த்தவர்கள் அலை வரைந்தார்கள், அதுவும் பிடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மணலுக்குப் போவேன். வளைக்குள்ளிருந்து நண்டுகள் மணலை உருட்டி உருட்டி வெளியே தள்ளி, வளையைச் சுற்றி வட்டமாகப் பரப்பி வைத்திருக்கும். அதைப் பிரதி எடுக்கலாம் என்று குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தால் ஒரு அலை வந்து மொத்தத்தையும் நக்கிக்கொண்டு போகும். போனால் போகட்டும் என்று வர மாட்டேன். அடுத்த வளைக்கு நகர்வேன். திரும்பும்போது பாவாடை முழங்கால் வரை நனைந்திருக்கும், வகுப்பு பாதி முடிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் அப்பாவின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டயருக்குக் கருப்பு மை பூசி, நீளத் தாளில் உருட்டிப் பார்த்தேன். வட்டமான பொருளுக்கு ஆரம்பமே கிடையாதே, ஜாயிண்ட் எப்படி வரும்? வந்தது. டயரில் எங்கோ கண்ணாடி கிழித்த ஒரு கீறல். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கீறல் வந்து தாளில் பல்லை இளித்தது. அப்பா மறுநாள் டிப்போவுக்குச் சைக்கிளில் போனபோது தெரு நெடுக அந்தக் கருப்புத் தடம் அவர் பின்னாலேயே போயிற்று. அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். "பஸ்சுக்கும் மை பூசிடாத, ஆபீசர் என்னதான் கேப்பான்" என்றார். அவ்வளவோடு விட்டார். உண்மையில் அந்த வருஷம் என்னைக் கவனிக்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை. எல்லோர் மனசும் அக்காவின் கல்யாணத்தில் இருந்தது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். டைப்ரைட்டிங் நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததே அவளால்தான், "படம் போடறதுக்கு இன்னா படிப்பு?" என்று அப்பா முறுக்கிக்கொண்டபோது, சாப்பிடாமல் இருந்து அவரைச் சம்மதிக்க வைத்தவள் அவள். அவளுக்கு வரன்கள் வராமல் இல்லை. வருவார்கள், சொஜ்ஜி சாப்பிடுவார்கள், பிடித்திருக்கிறது என்பார்கள், நாள் பார்க்கிற வரைக்கும் கூடப் போகும். அப்புறம் ஒரு நாள் யாராவது வந்து, "கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாம்" என்பார்கள். தள்ளி வைத்தவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டோம். அம்மா அரிசி ஊறப்போடுவதை நாளைக்குத் தள்ளுவதாக இருந்தாலும் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள்.

அந்த வருஷத் தை மாசம், கல்யாணம் கூடிவர வேண்டும் என்று அக்காவைத் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் மாலை வாங்கிப் போட்டு வலம் வரச் செய்தார்கள். அந்த மாலையைக் கல்யாணம் ஆகிற வரைக்கும் வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் அது காய்ந்துகொண்டிருந்தது. நான் ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி, பூவும் இலையும் எந்த வரிசையில் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டிருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ஏதாவது திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

எழுத்துக்கு நான் வந்தது சலிப்பில்தான். மாமல்லபுரத்தில் வண்டி மாற நிற்கும்போது, எதிரே ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் துணி கட்டியிருந்தார்கள். 'வருக வருக'. காற்றில் துணி மடங்கி, ஒரு 'க' அடுத்த 'வ'-வின் மேல் போய் உட்கார்ந்தது. ஒரு நொடிதான். இரண்டும் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரிந்தன. எனக்கு வண்டியே போய்விட்டது. அன்றைக்குக் கல்லூரிக்குப் போகவில்லை. அங்கேயே ஒரு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து வரைந்தேன். 'ரு'-வின் வால் 'க'-வின் அடியில் நுழைந்துகொண்டது. 'க'-வின் முதுகும் 'வ'-வின் வயிறும் ஒட்டிக்கொண்டன. தடித்த எழுத்து, நடுவில் இடைவெளியே இல்லை. பிறகு ஒரு மாசம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வரைவது, வெட்டுவது, இடம் மாற்றுவது, ஒட்டுவது. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்தது. ஒரு கட்டத்தில் அது எழுத்து என்பதே எனக்கு மறந்துபோயிற்று. வளைவும் வாலும் மட்டும்தான் கண்ணில் பட்டன.

மேடம் தாளை விரித்தார். பின்னால் போனார். கண்ணைப் பாதி மூடினார். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். "எங்க ஆரம்பிச்சீங்க?" என்றார்.

"தெரியல மேடம்" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. கடற்கரைச் சாலையில் தனியாக நடந்துகொண்டே சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அதே மாசத்தில் அக்காவுக்கு அச்சரப்பாக்கத்தில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை. அவருடைய அப்பா கடைவீதியில் உரக்கடை வைத்திருந்தார். நிமிர்ந்த நடை, வெள்ளைச் சட்டை, எதற்கும் பிறத்தியாரிடம் கை நீட்ட மாட்டார் என்று பெயர். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மொய் வாங்குவது கிடையாது. பத்திரிகையிலேயே 'மொய் தவிர்க்கவும்' என்று அச்சடித்துவிடுவார்கள். அது அவருக்குப் பெருமை. நாள் ஆனி மாசத்தில் குறித்தாயிற்று.

பத்திரிகை வைக்கிற கவரை நான் செய்கிறேன் என்று அடம்பிடித்தேன். உள்ளே பிள்ளையார், தாத்தா பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் இருக்கட்டும். வெளியே என் 'வருக' மட்டும். அப்பா யோசித்தார். "பேரு வேணாமா வெளிய?" என்றார். அக்காதான், "வெளிய மட்டும்தான நைனா, அவ ஆசப்படறா" என்றாள். சரி என்று ஆயிற்று.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு அச்சகம். பெரிய தாளில் என் பேட்டர்னை அரக்குச் சிவப்பில் ஓட்டி, கவர் அளவுக்கு வெட்டி மடிக்க வேண்டும். அச்சகத்துக்காரர் அளவுகோலைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா வெட்டறது?"

"எங்க வெட்டினாலும் சரிண்ணா. இதுக்கு ஆரம்பமே கெடையாது."

எவ்வளவு மிடுக்காகச் சொன்னேன் தெரியுமா? சொல்லும்போது மேடம் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. அச்சகத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தாள் வீணாகாத இடமாகப் பார்த்து வெட்டிவிட்டார். கட்டுகள் வீட்டுக்கு வந்ததும் நான் கவரைக் கவரோடு ஒட்டவைத்து ஓரம் பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தியது. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பங்கை அப்பா அச்சரப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் டிப்போவில் நெருங்கியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக் கழற்றவில்லை. ஒரு கவரை என் முன்னால் போட்டார்.

"படி."

"வருக, வருக…"

"மொதல்லேர்ந்து படி."

இடது ஓரத்தில் விரல் வைத்தேன். முதல் எழுத்து 'க'. அடுத்தது 'வ'. அடுத்தது 'ரு'. மறுபடி 'க'. கவருகவருகவரு. கீழே அடுத்த வரி, அதுவும் கவருகவருகவரு. மேலிருந்து கீழ்வரை கவர் முழுக்கக் கவரு. வலது ஓரம் பின்பக்கம் மடிந்து போய் அங்கேயும் கவரு.

"டிப்போவுல கண்டக்டர் படிச்சுக் காட்றான். 'இன்னா அண்ணாத்த, வர்றவன் கவரோட வந்துடணும்னு இப்பவே சொல்லிக்கினு கீற?'ன்னு. நிக்க முடியல அங்க."

மொய்ப் பணம் வைத்துக் கொடுக்கிற கவருக்கும் எங்கள் பக்கம் கவரு என்றுதான் பெயர். உள்ளே மொய் தவிர்க்கவும். வெளியே கவரு கவரு கவரு. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சமையலறை வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அச்சரப்பாக்கத்துச் சம்பந்தி வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார், காபி வேண்டாம் என்றார். கையில் என் கவர்.

"நாங்க மொய் வாங்காத குடும்பம் சம்பந்தி. அது ஊருக்கே தெரியும். இப்போ எங்க கடைவீதியில ஒவ்வொருத்தனும் இத்தக் கையில வெச்சிகினு சிரிச்சிகினு கீறான். இந்தத் தடவ மொத்தமா வசூல் பண்றீங்களான்னு கேக்கறான்."

"அச்சாபீசுல பண்ண தப்பு சம்பந்தி" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

என்னால் பொறுக்க முடியவில்லை. "தப்பு ஒண்ணும் இல்ல. வருகன்னுதான் போட்டுக்கீது. நீங்கதான் வேற எடத்துலேர்ந்து படிக்கிறீங்க" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பத்திரிகைய எடம் பாத்து வேற படிக்கணுமா? நல்லா கீது" என்றார் அப்பாவிடம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "கோவமா சொல்லல. வேற அடிக்கறதுன்னா அடிங்க. நாள் பத்தலன்னா ஆடி கழியட்டும். ஆவணிக்கு, கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாம்."

 அப்பாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு வெளியே ஓடிப்போய் எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. ஒரு வளைவுக்கும் ஒரு வாலுக்கும் மாசக்கணக்கில் அலைந்தவள், மூன்று எழுத்தைக் கூட்டிப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தாள். பத்திரிகை மூலைகளில் தடவுவதற்காக அம்மா குழைத்து வைத்திருந்த மஞ்சள் கிண்ணம் அவள் கையில் இருந்தது. மாமனார் ஆகப்போகிறவர் முன்னால் அவள் அதுவரை வாய் திறந்து பேசியதில்லை. நேரே போய் அவர் கையிலிருந்த கவரை வாங்கினாள். கட்டைவிரலை மஞ்சளில் தோய்த்து, முதல் வரியின் முதல் எழுத்தின் மேல் அழுத்தினாள். அடுத்த வரியிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லா 'க'-வும் மஞ்சளுக்குள் போய்விட்டன.

"இப்போ படிங்க மாமா."

அவர் கவரை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். உதடு அசைந்தது. "வருக. வருக. வருக." கீழ் வரியையும் படித்தார். "வருக." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மஞ்சள் வெச்சா பத்திரிகைக்கும் ஒரு லட்சணம்தான்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அந்தக் காபியக் குடும்மா" என்றார். குடுத்தது குடுத்தாச்சு, இனிமே போறதுக்கெல்லாம் இப்படியே வெச்சு அனுப்புங்க, எங்க வூட்டுக் கட்டையும் கொண்டுவந்து குடுத்துடறேன் என்று எழுந்தார். அந்தக் கவரை மடிக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் கூடத்தில் பாய் விரித்து மொத்தக் கட்டையும் பிரித்துப் போட்டோம். அம்மா ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். நான் நடுவில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். மஞ்சள் தாளில் ஊறிப் பரவியது. அரக்குச் சிவப்பின் மேல் அழுக்குப்போலப் படிந்தது. எந்த ஜாயிண்டை ஒழிக்க ஒரு பருவம் முழுக்கத் தூங்காமல் கிடந்தேனோ, அதை அக்கா ஒவ்வொரு கவரிலும் கட்டைவிரலால் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுபோகவில்லை என்ற நிம்மதி இருந்தது, அது உண்மை. அந்த நிம்மதிக்குப் பக்கத்திலேயே எரிச்சலும் இருந்தது, அதுவும் உண்மை. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"எல்லாத்தியும் கெடுக்கறக்கா. இப்பிடி ஒரு எடத்துல ஆரம்பிச்சிட்டா அது பேட்டர்னே கெடையாது. அதுல விசயமே ஆரம்பம் தெரியாததுதான்."

அக்கா கையை நிறுத்தவில்லை. கவர்மேல் இருந்த கண்ணையும் எடுக்கவில்லை.

"உனுக்கு எங்க வெட்டினாலும் சரி. எங்க ஆரம்பிச்சாலும் சரி" என்றாள். "நான் எத்தினி வருசமா ஆரம்பிக்காமயே குந்திகினு கீறேன். எனுக்கு எங்கியாவது ஒரு எடத்துல ஆரம்பிச்சா போதும்டி."

கோபமாகச் சொல்லவில்லை. டைப்ரைட்டிங் பிள்ளைகளுக்கு விரல் வைக்கிற இடம் சொல்லித்தருகிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கவரை எடுத்தாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கட்டை என் மடிக்கு இழுத்து, கட்டைவிரலை மஞ்சளில் தோய்த்து, முதல் வரியின் முதல் எழுத்தில் வைத்து அழுத்தினேன். வெளியே வெயில் இறங்குகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.